கை நனைத்த வீடு

அந்த அக்கா ‘நாய்’ என்று சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. விற்பது, வாங்குவது என்ற சொற்களும் அவர் வாயில் வராது. புள்ளை என்பார். கட்டிக்கொடுத்தேன் என்பார். “போன வாரந்தானுங்க ஒருத்தியத் திருப்பூருக்குக் கட்டிக்குடுத்தேன். நெம்ப நல்ல எடம். என்ற மகராசி ஏசி ரூம்புல கால நீட்டிப் படுத்திருக்கறாளாம்” என்று அவர் சொல்லும்போது, பேச்சு ஒரு லேப்ரடார் குட்டியைப் பற்றியது என்பதே மறந்துபோகும். சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு நல்லது நடந்ததுபோல் கேட்கிறவர் முகமும் மலர்ந்துவிடும்.

பெயர் எனக்குத் தெரியும். எழுத மனம் வரவில்லை. சாப்பிட்ட வீடு.

உயரமானவர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, எப்போதும் எதையோ பரிமாறப் போகிறவர் மாதிரியே நிற்பார். பெரிய கைகள். ஒரு குட்டியை எடுத்தால் அது அவர் உள்ளங்கையிலேயே உறங்கிவிடும். உடுமலைப்பேட்டையைத் தாண்டி வாய்க்கால் ஓரமாக உள்ளே போனால் அவருடைய தோப்பு. தென்னைகளுக்கு நடுவே ஓட்டு வீடு. வாசலை மிதிக்கும்போதே சாம்பிராணி மணக்கும். உச்சி வெயிலிலும் மணக்கும். பக்தியான வீடு என்று நினைத்துக்கொண்டேன்.

யார் வந்தாலும் அவர் முதலில் சொல்வது ஒன்றுதான். “வாங்க, வாங்க. மொதல்ல கை நனைச்சுப்போட்டுப் பேசலாமுங்க.”

எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அது சாதாரண வார்த்தை இல்லை. பெண் பார்க்கப் போகிற வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், காப்பிகூடக் குடிக்கலாம். இலை முன்னால் உட்கார மாட்டோம். பேச்சு முடிந்து, இரண்டு பக்கமும் சரி என்ற பிறகுதான் கை நனைப்பது. நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிவானது என்று அர்த்தம். அதற்கப்புறம் குறை கண்டுபிடிப்பவர்தான் கெட்டவர். என்னைப் பார்க்க வந்த அன்று என் மாமனார் ஒரு வடையைக்கூடத் தொடாமல், கடைசிவரை கையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த அக்கா வீட்டில் நாங்கள் முதலில் சாப்பிட்டோம். பிறகுதான் பேசினோம்.

என் மகள் தாரணி அப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளி மாற்றியதிலிருந்து அவளுக்குப் பேச்சுக் குறைந்துபோயிருந்தது. சாயங்காலம் வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். நானும் அவள் அப்பாவும் வேலை முடிந்து சிங்காநல்லூர் வந்து சேர இருட்டிவிடும். பாலிடெக்னிக்கில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, அவள் வெறும் வீட்டில் தனியாக இருப்பது நினைவுக்கு வந்து, பலகையில் எழுதும் வரி பாதியில் நிற்கும். நாய்க்குட்டி வேண்டும் என்பது பல மாதங்களில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம். இல்லை என்று சொல்ல எங்கள் இருவருக்குமே தைரியம் வரவில்லை.

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் அவளே தேடிப் படித்து, விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். “குட்டியோட அம்மாவ நேர்ல பாக்கணும். அது வளர்ற எடத்தப் பாக்கணும். எட்டு வாரம் ஆகாம எடுக்கக்கூடாது. ஊசி போட்ட கார்டு வாங்கணும். இதுல எது இல்லீன்னாலும் திரும்பி வந்தரணும்மா.”

“சரி கண்ணு” என்றேன்.

முதலில் ஆர்.எஸ்.புரத்தில் நாய் வளர்த்து விற்கும் ஒருவரிடம் போனோம். அவர் எங்களைக் வாசல் கேட்டருகிலேயே நிறுத்திப் பேசினார். கேள்விகளை எல்லாம் அவர்தான் கேட்டார். பகலில் வீட்டில் யார்? ஊருக்குப் போனால் எங்கே விடுவீர்கள்? இந்த வகைதான் வேண்டும் என்று ஏன்? தாயைக் காட்டினார். கம்பிக்கு அந்தப்பக்கம் படுத்தபடியே அது வாலை ஆட்டியது. இந்த வகைக்கு வரும் பிறவி இடுப்புக் கோளாறு இல்லை என்று பார்க்க அதற்கு எக்ஸ்ரே எடுத்து வைத்திருப்பதை, நாங்கள் கேட்காமலே சொன்னார். பிறகு, “இப்ப குட்டி இல்லை. இருந்தாலும் பகல்ல ஆள் இல்லாத வீட்டுக்குக் குடுக்கறதில்லை. பொண்ணுக்கு முழுப்பரீட்சை லீவு விடட்டும், அப்பறம் பேசலாம்” என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினார்.

காரில் ஏறியதும் என் வீட்டுக்காரர் பொருமினார். “ஒரு ‘ங்க’ இல்ல. தண்ணி வேணுமான்னு ஒரு வார்த்த இல்ல. வெயில்ல நிக்க வெச்சு இன்டர்வியூ பண்ணியனுப்பறான். இவனெல்லாம் மனுசன்னு, இவங்கிட்டப் போய் வாங்கோணுமா?”

எனக்கும் முகம் சுண்டித்தான் போயிருந்தது. தாரணி மட்டும் பின்சீட்டிலிருந்து, “எல்லாத்தையும் காட்டினாரேப்பா” என்றாள்.

என் வீட்டுக்காரரின் பட்டறை நண்பர் ஒருவர்தான் அந்த அக்காவைச் சொன்னார். அவர் மட்டுமில்லை, விசாரித்த எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். “அந்தம்மா மாதிரி ஒரு மனுசியப் பாக்க முடியாதுங்க. போனா வகுறு நெறையாம அனுப்பாது.” “அரிசிம்பருப்புச் சோறு போட்டாங்க பாருங்க, அந்த ருசி இன்னும் நாக்குல இருக்குது.” குட்டி எப்படி இருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அன்றைக்கு, இவ்வளவு நல்ல கை நல்ல குட்டியைத்தான் கொடுக்கும் என்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். இளநீர் வெட்டித் தந்தார். தாரணியின் தலையில் பூ வைத்தார். எனக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டு, அதற்குப் பக்கத்து ஊரில் அவருடைய சின்னம்மாவைக் கட்டிக்கொடுத்திருப்பதைக் கண்டுபிடித்தார். “பாத்தீங்களா, நமக்குள்ள சொந்தம் வந்துபோச்சு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டே இலைப்பக்கம் நடத்திப் போனார்.

அரிசியும் பருப்பும் சோறு, நெய், நாட்டுக்கோழி, ரசம், கெட்டித் தயிர். அவர் உட்காரவே இல்லை. பரிமாறும்போது அவர் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். இலையை மட்டும் பார்ப்பார். ஒரு மூலை காலியானால் கரண்டி வந்துவிடும். “குட்டியோட அம்மாவப் பாக்கலாங்களா?” என்று நான் ஆரம்பித்தபோது ரசம் வந்தது. மறுபடி ஆரம்பித்தபோது தயிர் வந்தது. கை கழுவும் இடத்தில் நின்று, ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “பச்ச ஒடம்புக்காரிங்க அம்மணி. வெளியாளு கண்ணு பட்டா பால் வத்திப்போகும். நீங்களும் ஒண்ணப் பெத்தவங்கதானுங்களே, உங்களுக்குத் தெரியாததா?”

தாரணி பிறந்தபோது என் மாமியார் இதையே சொல்லி, முப்பது நாளைக்கு என் அறைவாசலில் புடவையைத் திரையாகக் கட்டிவைத்திருந்தார். வகுப்பில் விடை சொல்லாமல் ஒருவனையும் உட்காரவிடாதவள் நான். அங்கே, நெய்மணக்கும் கையோடு, “ஆமாங்க்கா” என்றேன்.

தடுப்பூசி? “அதெல்லாம் போட்டாச்சு கண்ணு. கார்டு பின்னால வருமுங்க.” எத்தனை வாரம்? “ரெண்டு மாசம் நெறஞ்சவ. பொம்பளப்புள்ள பாருங்க, பூஞ்சையாத் தெரியறா.” எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பதில் வரும்போதே ஒரு கச்சாயப் பலகாரமோ வெற்றிலையோ கூடவே வந்தது.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பைக்கில் ஒரு ஆள் வந்தார். வாசலில் இருந்தே சத்தம். முகம் சிவந்திருந்தது. அந்த அக்கா கரண்டியை வைத்துவிட்டு வெளியே போனார். “மொதல்ல உள்ள வாங்க தம்பி. எதுன்னாலும் கை நனைச்சுப்போட்டுப் பேசலாம்” என்பது மட்டும் கேட்டது. சற்று நேரத்தில் அந்த ஆள் எங்கள் பந்தியிலேயே, எனக்கு எதிரே, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். ஒரு தடவை நிமிர்ந்து தாரணியைப் பார்த்தார். அவர் வாய் திறந்தது. “தம்பிக்கு ரசமுங்க” என்று இலையில் ரசம் விழுந்தது. அவர் பழையபடி குனிந்துகொண்டார். போகும்போது அவர் வண்டியில் இரண்டு தேங்காய் தொங்கியது.

“என்ன கோவமா வந்தான் பாரு, எப்படி அனுப்பிச்சாங்க பாரு. இதாம் மனுசத்தன்மை” என்றார் என் வீட்டுக்காரர்.

குட்டியை அவர் எங்களிடம் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. மஞ்சள், குங்குமம், தேங்காய், வாழைப்பழம், ஒரு புதுத் துண்டு, கொஞ்சம் குட்டித்தீவனம் எல்லாம் வைத்த தட்டு முதலில் என் கைக்கு வந்தது. குட்டியின் நெற்றியில் மைப்பொட்டு, காலில் கறுப்புக் கயிறு. அதை தாரணியின் கையில் வைக்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை. இன்றுவரை அப்படித்தான் நம்புகிறேன். “எந்தங்கம், போற எடத்துல பேர் சொல்ல வாழோணும்” என்று அதன் தலையை முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, “இனி நீங்க எனக்கு வந்துபோற ஒறம்பரை இல்லீங்க, சம்பந்தி” என்றார்.

தாரணி குட்டிக்கு லட்டு என்று பேர் வைத்தாள். அன்றிரவு அவள் அறைக்கதவு சாத்தப்படவில்லை.

தினமும் பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, தவறாமல் அந்த அக்காவின் போன் வரும். “எம்பொண்ணு உண்டாளுங்களா? ஏங்குறாளா?” என் சொந்த அக்கா என்னை அப்படி விசாரித்ததில்லை. வாந்தி எடுக்கிறது என்று சொன்ன அன்றைக்கும், “பொறந்த ஊட்டு ஏக்கமுங்க கண்ணு. துளி மோர்ச்சோறு குடுங்க, சரியாப்போகும்” என்றார். மறுநாள் ரத்தமாகப் போனது. மூக்கு காய்ந்து, கண் உள்ளே போய், துண்டின் மேல் ஈரத்துணி மாதிரிக் கிடந்தது.

கிளினிக்கில் டாக்டரம்மா அதன் வாயைத் திறந்து பார்த்தார். “எத்தன வாரம்னு சொன்னாங்க?”

“எட்டுங்க.”

“அஞ்சே தாண்டலை. பல்லப் பாருங்க. தாயப் பாத்தீங்களா?”

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். “நெம்ப நல்ல மனுசிங்க டாக்டர். சாப்பாடெல்லாம் போட்டாங்க.”

“நான் நாயோட தாயக் கேட்டேனுங்க” என்றார் அவர்.

தாரணி என்னைப் பார்த்தாள். அவள் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

குட்டிகளைக் கொல்லும் பார்வோ நோயா என்று பார்க்கும் சோதனையில் கோடு மங்கலாக விழுந்திருந்தது. ஊசி போட்டுச் சில நாட்களே ஆகியிருந்தால் அதனாலும் அப்படி விழலாம். போடவே இல்லை என்றால் நோயேதான். கூட இருந்த குட்டிகளுக்கு என்ன ஆயிற்று என்பதும் தெரிய வேண்டும் என்றார் டாக்டரம்மா. போன் போட்டேன். “போட்டாச்சு கண்ணு” என்ற அதே பதில், அதே தேன் குரல். எந்த ஊசி, என்றைக்கு, யார் போட்டது என்று கேட்கக் கேட்க, “நேர்ல வாங்க அம்மணி, கை நனைச்சுப்போட்டுப் பேசலாம்” என்றார்.

லட்டு காலில் டிரிப்போடு படுத்திருந்தது. தாரணி பெஞ்சை விட்டு எழவில்லை. “அது செத்துப்போச்சுன்னா எங்கிட்ட யாரும் சாப்பாடு பத்திப் பேசாதீங்க” என்றாள். அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. குட்டி போனால் இவளும் பழையபடி கதவைச் சாத்திக்கொள்வாள், இந்தத் தடவை எங்களுக்குத் திறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்காரரை அவளுடன் விட்டுவிட்டு உக்கடத்தில் உடுமலைப்பேட்டை பஸ் ஏறினேன். அவர் வந்திருந்தால் முதல் ஆளாக இலையில் உட்கார்ந்திருப்பார். வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு போனேன்: அங்கே பச்சைத் தண்ணீரும் குடிக்கக்கூடாது.

காலையில் சொல்லாமல் போய் நின்றதால் சாம்பிராணி இன்னும் போட்டிருக்கவில்லை. வாசலிலேயே நாற்றம் முகத்தில் அடித்தது. மூத்திரமும் பினாயிலும் புளித்த பாலும் கலந்த நாற்றம். வீட்டுக்குப் பின்னாலிருந்து கீச்சுக் கீச்சென்று பல குரல்கள். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தில் துளி கலப்படம் இல்லை.

“வாங்க அம்மணி! பஸ்ஸுலயா வந்தீங்க? முகமே வாடிப்போச்சே. உக்காருங்க, மொதல்ல கை நனைச்சு…”

“லட்டு சாகக் கெடக்குதுங்க்கா.”

அவர் நெஞ்சில் கை வைத்து அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். “அய்யோ எந்தங்கமே” என்று அழுதார். நான் வாங்கிக்கொண்டு போன குட்டிக்காக அவரைத் தேற்ற வேண்டிய நிலையில் நான் நின்றேன். அழுதுகொண்டே எழுந்தார். அழுதுகொண்டே இலை போட்டார். ஆவி பறக்கும் சோறு, நடுவில் குழி, குழியில் நெய். “வெறும் வகுத்தோட நின்னு பேசாதீங்க. ஊட்டுக்கு வந்தவள நிக்க வெச்சுப் பேசறது என்ற பொறந்த ஊட்டுப் பழக்கமில்லீங்க.”

கதவுப்பக்கம் அவர் நின்றார். என் முன்னால் இலை இருந்தது. விடியற்காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நெய்மணத்தில் என் வாயில் நீர் ஊறியது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. எனக்கு மாமனாரின் கை நினைவுக்கு வந்தது. மடியில் வைத்த கை.

“அக்கா, பொண்ணு பாக்கப் போன ஊட்டுல பேச்சு முடியாம கை நனைப்பாங்களா?”

கரண்டி பாதியில் நின்றது.

“நீங்கதான சம்பந்தின்னு சொன்னீங்க. நான் கேட்டதுக்கு நெசம் சொல்லுங்க. சொன்னா உக்காந்து உண்டுபோட்டுத்தான் போவேன். இல்லீன்னா இந்த எல இப்படியே கெடக்கட்டும்.”

சண்டை போட வந்த எத்தனையோ பேரை அவர் பார்த்திருப்பார். சாப்பிடாமல் நிற்கிற ஒருத்தியை அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றில் ஆவி அடங்கியது. குழியில் நெய் உறைய ஆரம்பித்தது. ஒரு எறும்பு இலை ஓரம் ஏறி நின்று யோசித்தது. அவர் கை தானாக நீண்டு, இலையைத் தொட்டு, பின்வாங்கியது.

“ஊசி போடலீங்க” என்றார்.

நான் இலையைத் தொடவில்லை.

“எதுக்கும் போடறதில்லீங்க. பெத்தவ இங்க இல்லீங்க அம்மணி. எங்க இருக்கறாளோ எனக்கே தெரியாது. வேன்ல வருமுங்க, தக்காளிப் பொட்டியில அடுக்கி. கண்ணு முழிச்சும் முழிக்காமயும் வரும். நாந்தானுங்க பால் புகட்டி, தொடச்சு, மனுசக்கை பழக்கறேன்.”

“லட்டு கூட வந்தது?”

“ரெண்டு போயிருச்சுங்க. மஞ்சத்துணியில சுத்தி, தென்னைக்கடியில வெச்சேன். அழுதுபோட்டுத்தானுங்க வெச்சேன்.”

வெளியே வந்து டாக்டரம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். “சரி, அப்ப சந்தேகமே வேண்டாம். இத முதல்லயே சொல்லியிருந்தா…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டு, “நான் பாத்துக்கறேன்” என்றார்.

திரும்பியபோது இலை மாற்றப்பட்டிருந்தது. புதுச் சோறு, புது ஆவி. அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். சொன்ன சொல். நான் உட்கார்ந்தேன்.

அந்தச் சாப்பாட்டை என்னால் மறக்க முடியவில்லை. பின்னால் பெட்டிகளில் குட்டிகள் கத்திக்கொண்டே இருந்தன. ஒன்றின் குரல் மட்டும் மற்றவற்றோடு சேராமல், நின்று நின்று வந்தது. அவர் பரிமாறிக்கொண்டே சொன்னார். ஒரு காலத்தில் அவர் வீட்டிலேயே ஒரு லேப் இருந்ததாம். ஒரே ஒரு ஈத்துதான் போட்டதாம். அதன் குட்டிகளை வாங்கியவர்கள் தங்கள் சொந்தக்காரர்களை அனுப்பினார்களாம், அவர்கள் இன்னும் சிலரை அனுப்பினார்களாம். “ஊடு தேடி, கொழந்தைங்களக் கூட்டிக்கிட்டு வர்றவங்ககிட்ட இல்லீன்னு சொல்லறக்கு எனக்கு வாய் வராதுங்க கண்ணு. பொறந்ததுல இருந்தே அப்படித்தான். அந்தப் பிள்ளைக மூஞ்சி வாடுறதப் பாக்க முடியாது. எங்கியாவது இருந்து வரவழைச்சுக் குடுத்துருவேன். அப்படியே அதுவே தொழிலா நின்னுபோச்சுங்க.”

ரசம் ஊற்றினார். “இல்லீன்னு சொல்லோணும்னா எப்படிச் சொல்றதுங்க?” என்று உண்மையாகவே கேட்டார்.

எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன் அங்கே உட்கார்ந்து ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்திருப்பேன்?

சோறு ருசியாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். நான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

லட்டு பிழைத்துவிட்டது. எத்தனையோ ஊசிகளுக்குப் பிறகு ஒருநாள் தலையைத் தூக்கி தாரணியின் விரலை நக்கியது. பின்னங்கால் இரண்டும் இன்றும் சரியில்லை. இடுப்பு பிறவியிலேயே அப்படி என்கிறார்கள். தாரணி கல்லூரிக்குப் போகும் முன் அதை மாடியிலிருந்து தூக்கிவந்து வாசலில் விடுகிறாள், வந்ததும் தூக்கிக்கொண்டு போகிறாள். “இவ அம்மா இப்ப எங்கம்மா இருப்பா?” என்று ஒருநாள் கேட்டாள். “இன்னும் குட்டி போட்டுக்கிட்டே இருப்பாளா?” நான் துணி மடிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

புகார் கொடுக்க வேண்டும் என்று அவள் பல தடவை சொன்னாள். அவள் அப்பா, “உண்ட ஊட்டு மேலயா கண்ணு?” என்றார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்திருக்கிறார்கள். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு லட்டுவைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். புகாரை அவளே எழுதி அனுப்பினாள். அதிகாரிகள் யாரோ போய்ப் பார்த்தார்களாம். அந்த அக்கா இதை என்னிடம் போனில், கோபமே இல்லாமல் சொன்னார். “நாலு பேரு வந்தாங்க அம்மணி. நல்ல பசங்க. சந்தகை பிழிஞ்சு போட்டேன்.”

நான் மறுபடி அங்கே போகவில்லை. ஆனால் பொழுதோட போன் வந்தால் எடுத்துவிடுகிறேன். “எம்பொண்ணு நடக்கறாளுங்களா?” என்று கேட்பார். நடக்கிறாள் என்பேன். எங்கள் வீட்டில் இப்போது அரிசிம்பருப்பு செய்வதில்லை. நெய் உருகும் வாசனை வந்தால் எனக்குப் பின்பக்கம் பெட்டிக்குள் ஏதோ கத்துகிற மாதிரி இருக்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் எனக்குப் போன் செய்கிறார்கள். குட்டி வாங்க வருபவர்கள் தயங்கினால் அவர் என் நம்பரைக் கொடுக்கிறாராம். “என்ற கையில ரெண்டு தடவ உண்டவங்க. சிங்காநல்லூர்ச் சம்பந்தி. சந்தேகமிருந்தா அவங்களையே கேட்டுக்கங்க” என்பாராம். அவர் தொழிலையே கெடுக்கும் உண்மையை அவர் வாயிலிருந்தே வாங்கியவள் நான். அதன் பிறகும், உண்டவள் தப்பாகச் சொல்ல மாட்டாள் என்று அவர் நம்புகிறார். முதலில் போனைத் துண்டித்துவிடுவேன். பிறகு, சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு பெண் கூப்பிட்டாள். சின்ன வயதுக் குரல். “ஏனுங்க, சிங்காநல்லூர்ச் சம்பந்தியம்மாங்களா? நாங்க பல்லடமுங்க. பையனுக்கு ஒரு குட்டி பாக்கலாம்னு வந்திருக்கறோம். அந்தம்மா எப்படிங்க, நம்பி வாங்கலாங்களா?”

“கண்ணு, குட்டியோட தாயக் கண்ணால பாக்காம அங்க கை நனைச்சுப்போடாதீங்க. பச்ச ஒடம்புக்காரின்னு சொல்லுவாங்க. பரவால்லீங்கன்னு எந்திருச்சு வந்துருங்க.”

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது. ஒரு சிறுவன் எதற்கோ சிரித்தான். அவனை ஒட்டி, மெலிதாக, ஒரு கீச்சு. தூரத்தில் எனக்குத் தெரிந்த குரல், “இன்னொரு கரண்டிங்க அம்மணி” என்றது.

“அய்யோ” என்று அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். “இப்பத்தானுங்க பாயசம் ஊத்தறாங்க.”